காற்றைக் கழுவிய மனிதர்: வில்லிஸ் கேரியர்



இந்தக் காலாண்டு மடலுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தர வேண்டும் என்று நம் செயலாளர் அண்ணாச்சி கேட்டார். வ.உ.சி.யையும் பாரதியையும் பற்றி நம்மில் பலர் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். அதனால் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டேன். இவர் நம் நாட்டுக்காரர் அல்லர். ஆனாலும் நம் குடியிருப்பில் முக்கால்வாசி வீடுகளின் சுவரில் இவருடைய வேலை தொங்குகிறது.

இவரைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. கடந்த ஆடி மாதம் முழுவதும் என் மனைவிக்கு இரவில் இளைப்பு. பகலில் நன்றாக இருப்பாள். படுக்கையறையில் படுத்து ஒரு மணி நேரத்தில் இருமல் தொடங்கிவிடும். ஆடிக் காற்றில் தேரிச் செம்மண் பறந்து வருகிறது, அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். ஜன்னலை இறுக மூடி, ஏசியைப் போட்டுவிட்டேன். இளைப்பு கூடியது. ஒரு நாள் வேறு வேலையாக வந்த ஏசி மெக்கானிக் தம்பி, முன் மூடியைத் திறந்து உள்ளே இருந்த வலையை உருவிக் காட்டினான். வலையைக் காணோம், பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்றுதான் இருந்தது. உள்ளே சுழலும் உருளையின் இதழ்களில் கறுப்பாகப் பூஞ்சை. வாங்கிய நாளிலிருந்து அதை நான் ஒரு முறைகூடக் கழற்றியதில்லை. நான் அடைத்த ஜன்னலுக்கு உள்ளே, அந்தப் பூஞ்சையின் வழியாக வந்த காற்றைத்தான் அவள் இரவெல்லாம் சுவாசித்திருக்கிறாள்.

அன்றுதான் இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார், எதற்காகக் கண்டுபிடித்தார் என்று பார்க்கத் தோன்றியது. அவர் முதலில் நினைத்தது குளிர்ச்சியை அல்ல. அச்சுத் தாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதும், காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும்தான் அவருடைய தொடக்கம்.

ஆப்பிள் நறுக்கிய அம்மா

வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர் 1876 நவம்பர் 26ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் உள்ள அங்கோலா என்ற சிற்றூரில் பிறந்தார். பால்மாடு வைத்துப் பிழைத்த விவசாயக் குடும்பம். ஒரே பிள்ளை. சேர்ந்து விளையாட ஆள் இல்லாததால் தனக்குத் தானே கணக்குப் போட்டு விளையாடும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

ஆனால் பள்ளியில் பின்னக் கணக்கு வந்தபோது மாட்டிக்கொண்டார். அரை, கால், அரைக்கால் எதுவும் மண்டையில் ஏறவில்லை. அவருடைய அம்மா எலிசபெத் அவரை நிலவறைக்கு அனுப்பி ஒரு பாத்திரம் நிறைய ஆப்பிள் எடுத்து வரச் சொன்னார். அவற்றைப் பாதியாக, காலாக, எட்டில் ஒன்றாக வெட்டச் செய்து, கூட்டவும் கழிக்கவும் வைத்தார். நம் ஊரில் கருப்பட்டியை உடைத்துப் பங்கு வைத்துக் கணக்குக் கற்றுத்தந்த ஆச்சிமார் உண்டல்லவா, அதே முறை. பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பார்த்தால் தீர்க்கலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டதாகக் கேரியர் முதுமையிலும் நினைவுகூர்வார். அவருக்குப் 11 வயதாகும்போது அந்த அம்மா இறந்துவிட்டார்.

குடும்பத்தில் பணம் இல்லை. பள்ளி முடித்ததும் சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். பிறகு உதவித்தொகை பெற்று 1897இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுச் செலவுக்குப் புல் வெட்டினார். மாணவர்களின் துணிகளைச் சலவைக்கு வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றையும் நடத்தினார். 1901இல் பொறியாளர் பட்டத்துடன் வெளியே வந்தார்.

வாரம் 10 டாலர்

அவருக்குக் கிடைத்த முதல் வேலை பஃபலோ நகரத்தில் பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில். கொல்லுப் பட்டறை உலை, பெரிய மின்விசிறி, சூடேற்றும் குழாய்த் தொகுதி ஆகியவற்றைச் செய்த கம்பெனி அது. சம்பளம் வாரம் 10 டாலர்.

சேர்ந்த சில மாதங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரு கட்டடத்தைச் சூடேற்ற எவ்வளவு நீளக் குழாய் வேண்டும், எத்தனை பெரிய விசிறி வேண்டும் என்பதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. குத்துமதிப்பாகச் சொல்லி, தப்பாமல் இருக்கக் கொஞ்சம் கூட்டியும் வைத்தார்கள். கேரியர் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தானே சோதனை செய்து அட்டவணை போட்டார். அதனால் கம்பெனிக்கு நல்ல தொகை மிச்சமானது. முதலாளிகள் அவருக்கு ஒரு சோதனைக்கூடமே அமைத்துக் கொடுத்தார்கள். கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் பிடித்தது. செலவைச் சரியாக அளந்தவனுக்குத்தான் அடுத்த செலவுக்கு அனுமதி கிடைக்கிறது.

சிவகாசிக்குத் தெரிந்த சிக்கல்

1902இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்திலிருந்து ஒரு புகார் வந்தது. வண்ணப் பத்திரிகை அச்சிடும் இடம். கோடையில் அவர்களுக்கு வேலையே ஓடவில்லை.

இதன் காரணம் நம் பக்கத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். வண்ணப் படம் ஒரே அடியில் அச்சாவதில்லை. ஒவ்வொரு நிறமாக, ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் தாள் விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். காலையில் மஞ்சள் அடித்த தாள், மதியம் சிவப்பு அடிக்கும்போது மயிரிழை அகலம் பெருத்திருந்தால் போதும், காலண்டரில் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் சிவகாசியில் ஒன்றாக வளர்ந்ததற்கு அந்த வட்டாரத்தின் வறண்ட காற்றும் ஒரு காரணம். புரூக்ளினில் அந்தக் கொடுப்பினை இல்லை.

எங்கள் வீட்டுக் கருப்பட்டியும் இதே பாடத்தைச் சொல்லும். பங்குனியில் கல்லாக இருக்கும் கட்டி, ஐப்பசி மழையில் வெளியே வைத்தால் வியர்த்துப் பிசுபிசுத்துவிடும். அதனால்தான் என் அம்மா அதை அடுப்புப் புகை படும் பரணில் வைத்தாள். கருப்பட்டிக்குப் பரண் இருந்தது, அச்சகத்துக்கு ஒன்றுமில்லை.

அந்த வேலை 25 வயதுக் கேரியரிடம் வந்தது. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள ஈரத்தைப் படியவைத்துப் பிரித்தெடுக்கும் ஏற்பாட்டை வரைந்தார். அந்த வரைபடத்தில் உள்ள தேதி 1902 ஜூலை 17. ஏசி பிறந்த நாள் என்று இன்று சொல்லப்படுவது இதுதான். ஆண்டு முழுவதும் அறைக்குள் ஈரப்பதம் 55 சதவீதமாக இருக்க வேண்டும் என்பது குறி.

இங்கே ஒரு சிறு விளக்கம். நாம் ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அது இயந்திரத்தின் எடை அல்ல. பழைய காலத்தில் குளிர்ச்சி என்றால் பனிக்கட்டிதான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கத்தான் 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் ஏசி. புரூக்ளின் அச்சகத்தில் கேரியர் திட்டமிட்ட குளிர்ச்சி ஒரு நாளைக்கு 54 டன். நம் வீட்டு ஒன்றரை டன் கணக்கில் 36 ஏசி.

ரயில் மேடையில் மூடுபனி

அச்சகத்தில் செய்தது கேரியருக்கு முழுத் திருப்தி தரவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை, பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார். மேடை முழுவதும் மூடுபனி. சுற்றிலும் ஈரம், ஆனாலும் குளிர் என்பதால் அந்தக் காற்றில் உள்ள மொத்தத் தண்ணீர் மிகக் குறைவுதான் என்று அவருக்கு உறைத்தது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சூடான காற்று நிறையத் தண்ணீரைத் தாங்கும். குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலின் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் படிகிறதே, பாட்டிலைத் தொட்ட காற்று குளிர்ந்து தாங்க முடியாமல் இறக்கிவைத்த தண்ணீர் அது. அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். கேரியரின் யோசனை இதுதான்: காற்றைக் குளிர்ந்த நீர்த்தூவலின் வழியாக அனுப்பினால் அது அந்த நீரின் குளிருக்கு இறங்கி, அந்தக் குளிருக்கு ஏற்ற அளவு தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளும். மிச்சம் தூவலோடு கீழே விழுந்துவிடும். பிறகு அதைச் சற்றுச் சூடாக்கி அறைக்குள் விட்டால், நாம் விரும்பிய ஈரப்பதம் அப்படியே கிடைக்கும். தூவும் நீரின் குளிரைக் கூட்டியோ குறைத்தோ வைத்தால் போதும்.

தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவதா என்று அன்று பலர் சிரித்தார்கள். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. காற்றைப் பதப்படுத்தும் கருவி என்ற பெயரில் 1906 ஜனவரி 2ஆம் தேதி அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 808897.

தூவலுக்கு இன்னொரு பலனும் இருந்தது. காற்றில் வரும் தூசியும் கரியும் நீரில் நனைந்து, அடுத்திருந்த வளைந்த தகடுகளில் மோதி, கீழே தொட்டியில் இறங்கின. அதனால் தொழிலில் இதற்குக் காற்றுக் கழுவி என்றே பெயர். தொடக்கத்திலேயே இதை வாங்கியவர்களில் ஒன்று விஸ்கான்சின் மாநிலம் லா கிராஸ் நகரிலிருந்த ஒரு வங்கி. அவர்கள் குளிர்ச்சிக்காக வாங்கவில்லை. உள்ளே வரும் காற்றைக் கழுவுவதற்காக வாங்கினார்கள். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நடந்தது வேறு. ஏஎல்பிஎம் என்ற லெட்ஜர் பதிவு இயந்திரங்கள் வந்த காலம். ஊழியர்களுக்கு மின்விசிறி, இயந்திரத்துக்கு ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவ்வளவு மரியாதை செய்தோம், ஏசியின் வலையை மட்டும் யாரும் தொடவில்லை. அது யாருடைய வேலை என்றே யாருக்கும் தெரியாது. வலை அடைத்தால் குளிர்க்குழாயின் மேல் போதிய காற்று போகாது. குழாயில் பனி கட்டும். ஒரு சனிக்கிழமை மாலை ஏசியை நிறுத்திவிட்டுப் போனோம். பனி உருகி, கீழே இருந்த இயந்திரத்தின் மேல் சொட்டியிருக்கிறது. திங்கட்கிழமை காலை பழைய லெட்ஜரைத் தூசி தட்டி எடுத்தோம். இரண்டு வாரம் கையால் எழுதினோம்.

பஞ்சாலையில் ஒரு பாடம்

கேரியரின் அடுத்த களம் பஞ்சாலை. 1906இல் வட கரோலினா மாநிலம் பெல்மான்ட்டில் ஒரு நூற்பாலைக்குக் கருவி பொருத்தினார். அங்கே ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழன்று கிளப்பும் வெப்பத்தை அவர் முதலில் குறைவாக மதிப்பிட்டுவிட்டார். எதிர்பார்த்ததைவிட மிக அதிகக் காற்று தேவைப்பட்டது. தவறை ஒத்துக்கொண்டு, புதிதாகக் கணக்குப் போட்டு, இயந்திர வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வகுத்தார். அதே ஆண்டு அந்த வட்டாரத்துப் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டுவர்ட் கிராமர் என்பவர்தான் ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1907இல் ஜப்பானின் யோகோஹாமாவில் ஒரு பட்டு ஆலைக்கும் கேரியரின் கருவி போனது.

பாபநாசத்துக்குக் கீழே விக்கிரமசிங்கபுரத்தில், தாமிரபரணித் தண்ணீரின் விசையால் ஓடும் பஞ்சாலையை ஹார்வி சகோதரர்கள் 1880களிலேயே தொடங்கியிருந்தார்கள். மில்லில் வேலை பார்த்த குடும்பத்தார் நம் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். காற்று வறண்டால் இழை அறும், பஞ்சுத் தூசி பறக்கும், அது நெஞ்சில் போய் அடையும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1911 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் கேரியர் ஒரு கட்டுரை படித்தார். காற்றின் வெப்பம், ஈரப்பதம், பனிநிலை மூன்றுக்கும் உள்ள உறவைச் சூத்திரமாகவும் வரைபடமாகவும் அதில் கொடுத்திருந்தார். இன்றைக்கும் ஏசி வடிவமைக்கும் பொறியாளர் முதலில் கையில் எடுப்பது அந்த வகை வரைபடத்தைத்தான்.

32,600 டாலரும் ஏழு பேரும்

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. பஃபலோ ஃபோர்ஜ் நிர்வாகம் பொருள் தயாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், இந்தப் பொறியியல் பிரிவு வேண்டாம் என்று முடிவெடுத்தது. கேரியரை அனுப்ப அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் அவரோடு இருந்த இளம் பொறியாளர்களின் வேலை போனது. கேரியருக்கு வயது 38. நிச்சயமான சம்பளத்தை விட்டுவிட்டு அந்த இளைஞர்களோடு சேர்ந்து, மொத்தம் ஏழு பேர், கையில் இருந்ததைப் போட்டு 32,600 டாலர் முதலில் 1915இல் கேரியர் இன்ஜினியரிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள். சொந்தத் தொழிற்சாலை கிடையாது. கணக்குப் போட்டுக் கொடுப்பதும், பொருத்தி ஓட்டிக் காட்டுவதும்தான் தொழில்.

அப்போது குளிரூட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் அமோனியா வாயு இருந்தது. கசிந்தால் மூச்சு முட்டும். மக்கள் கூடும் இடத்தில் வைக்கப் பயப்பட்டார்கள். கேரியர் 1922இல் மையவிலக்கு முறையில் சுழலும் புதிய குளிரூட்டும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். ஆபத்துக் குறைந்த வேறு திரவம், குறைந்த இடம். ஏசி ஆலையை விட்டு மக்களிடம் வந்தது இதற்குப் பிறகுதான். 1924இல் டெட்ராய்ட் நகரில் ஹட்சன் என்ற பெரிய கடையின் நிலவறைத் தளத்தில் பொருத்தினார்கள். தள்ளுபடி விற்பனை நாட்களில் அங்கே கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள் உண்டாம்.

ரிவோலி தியேட்டரில் கை விசிறிகள்

குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தியேட்டர்கள் காட்டின. ஆரம்பத்தில் சில இடங்களில் குளிர்ந்த காற்றை இருக்கைக்கு அடியிலிருந்து விட்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு தங்கிவிட்டது. கால் விறைக்க, தலை வியர்த்தது. சிலர் காலில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு படம் பார்த்தார்கள். கேரியரின் குழுவினர் காற்றை மேலிருந்து இறக்கி, கீழ் வழியாகத் திரும்ப எடுத்தார்கள்.

1925 மே மாதக் கடைசியில் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் திறப்பு. பாரமவுண்ட் அதிபர் அடால்ஃப் சூக்கர் வந்து மாடியில் அமர்ந்திருந்தார். கதவு திறந்தபோது இயந்திரம் ஓடத் தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அரங்கு இன்னும் குளிரவில்லை. உள்ளே வந்த கூட்டம் வழக்கம்போலக் கை விசிறியை எடுத்து வீசத் தொடங்கியது. கேரியரும் நண்பர்களும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்ல ஒவ்வொரு விசிறியாக மடிக்குப் போனது. கடைசியில் அடம்பிடித்த சிலரும் நிறுத்திவிட்டார்கள். மக்களுக்கு இது பிடிக்கும் என்று சூக்கரும் ஒப்புக்கொண்டார்.

1928இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும், அடுத்த ஆண்டு செனட்டுக்கும் அவருடைய ஏசி வந்தது. வீட்டுக்கென்று ஓர் இயந்திரமும் 1928இல் செய்தார். ஆனால் அடுத்து வந்த பொருளாதார வீழ்ச்சியில் வாங்க ஆளில்லை. கம்பெனி தள்ளாடியது, வேறு கம்பெனிகளுடன் இணைந்துதான் பிழைத்தது. 1937இல் சிராக்யூஸ் நகரத்துக்கு மாறினார்கள்.

அவருடைய கடைசிப் பெரிய யோசனை நேரடியாக டக்ட் சம்பந்தப்பட்டது. வானளாவிய கட்டடங்களில் ஆளுயரக் காற்றுக்குழாய்கள் வாடகைக்கு விடவேண்டிய இடத்தை விழுங்கின. காற்றை வேகமாக, சின்னக் குழாயில் அனுப்பி, ஒவ்வொரு அறையிலும் ஒரு சிறு பெட்டியில் பதப்படுத்தும் முறையை 1939 வாக்கில் கொண்டுவந்தார். அடுக்குமாடிகள் பலவற்றுக்கு அது வழி திறந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களை மேல்வானக் குளிரில் சோதிக்கும் ராட்சதக் காற்றுச் சுரங்கத்துக்கான குளிரூட்டலை வடிவமைத்தார். 80க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார். இரண்டு மனைவியரை அடுத்தடுத்து இழந்து, மூன்றாவதாக மணந்தவர். தத்தெடுத்த மகன்கள் இருவர். இதயக் கோளாறால் 1948இல் ஓய்வு பெற்றார். 1950 அக்டோபர் 7ஆம் தேதி, 73 வயதில் காலமானார். வீடுதோறும் ஏசி என்ற காலத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அவருக்குப் பிறகு

1976 ஜூலையில் பிலடெல்பியா நகரின் ஒரு பெரிய ஹோட்டலில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. ஊர் திரும்பியவர்கள் அடுத்தடுத்து நிமோனியாவில் விழுந்தார்கள். அவர்களில் 29 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் காரணம் தெரிந்தது: அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியா. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும் அந்தக் கிருமி, கட்டடத்தின் மைய ஏசியின் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து காற்றில் பரவியிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. நம் வீட்டுச் சின்ன ஏசியில் அத்தகைய கோபுரம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் காற்றைக் கழுவப் பிறந்த கருவியைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இப்போது என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்தவன் நான். குளியலறைகளுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை இருக்கும் டக்டைச் சுத்தம் செய்ய ஒரு தொகை கேட்டிருந்தார்கள். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துக்கு எதற்குச் செலவு என்று சிவப்பு மையில் அடித்தேன். யாரும் மறுக்கவில்லை. இன்று அந்த டக்டில் புறாக் கூடு, உடைந்த குழாய்த் துண்டு, மேல்மாடி ஒன்றிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் கிடக்கின்றன. தரைத்தளத்து அக்காவின் குளியலறை விசிறி வெளியே தள்ளும் காற்று போக வழியில்லாமல் அவர் வீட்டுக்கே திரும்புகிறது. புறா எச்சத் தூசியை நாள்பட சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் பாதிக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

ஏசி வலை: ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டவும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும். கால் மணி நேர வேலை.

உட்பகுதி: குளிர்க்குழாய், சுழலும் உருளை, நீர் வடியும் தட்டு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை, கோடைக்கு முன், தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு கழுவச் சொல்லவும். போட்டதும் முடை நாற்றம் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

வெளிப் பெட்டி: மணப்பாடு, குலசேகரன்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் கடற்காற்றில் உப்பு உண்டு. அது தகடுகளை அரிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவ்வப்போது நல்ல தண்ணீரை மென்மையாக ஊற்றிக் கழுவலாம். அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

சமையலறை சிம்னி: வலையில் மட்டுமல்ல, புகை போகும் குழாயிலும் எண்ணெய் படியும். அது தீப்பிடிக்கக் கூடியது. தினம் தாளிப்பும் பொரியலும் நடக்கும் வீட்டில் வலையை மாதம் ஒரு முறையாவது சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவவும். குழாயின் வெளி வாயில் பறவை கூடு கட்டாதபடி வலை போடவும்.

ஏமாற வேண்டாம்: மைய ஏசி உள்ள வீடுகளில் டக்ட் சுத்தம் செய்தால் எல்லா நோயும் போகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே அப்படிச் சொல்லவில்லை. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால், எலியோ பூச்சியோ இருந்தால், தூசி அடைத்து அறைக்குள் கொட்டினால் சுத்தம் செய்யுங்கள் என்பதே அதன் அறிவுரை. ஏசி டக்ட் எதுவும் இல்லாத நம் வீடுகளில் அந்தச் சேவை யாருக்கும் தேவையில்லை.

என் மனைவிக்கு இப்போது இளைப்பு குறைந்திருக்கிறது. முழுவதும் போய்விடவில்லை, மருத்துவர் கொடுத்த மருந்தும் தொடர்கிறது. வலையைக் கழுவும் தேதியை அவள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மறந்தால் எனக்குக் காபி கிடையாது.

அடுத்த பொதுக்குழுவில் டக்ட் சுத்தம் செய்யும் செலவை நானே மீண்டும் முன்வைக்கிறேன். மேலே வலை அடித்துப் புறா நுழையாமல் செய்வதும் அதில் சேரும். யார் வீட்டுப் பொருள் உள்ளே கிடக்கிறது என்ற விசாரணை வேண்டாம். எல்லோரும் வந்து ஆதரவு தர வேண்டுகிறேன். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டு வலையைக் கழற்றிப் பாருங்கள். முட்டுவலியால் ஏணியில் ஏற முடியாத பெரியவர்கள் சொல்லி அனுப்பினால், நம் குடியிருப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் வருகிறேன்.